காணாமல் போன எருமைக்கு ஒரு படம்

சடையனுடைய எருமை காணாமல் போய் நாலு நாள் ஆகிவிட்டது. "எருமை வீடு வந்து சேர்ந்த பிறகு சொல்லி அனுப்பு, வர்றேன்" என்று அவன் மனைவி பேச்சியம்மாள் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். எருமையும் இல்லை, பேச்சியும் இல்லை. பாவம், மனுசனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

அவனுக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர், மாசானமும் சுடலையும். மூணு பேர் மூளையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு ஆளுக்குக் காணாது. படம் போட்டு ஒட்டினால் யாராவது பிடித்துக் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்ல, காலண்டர் தாளின் பின்பக்கம் சடையனே கரித்துண்டால் எருமையை வரைந்தான். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே வந்திருந்தது.

டவுனில் பிளெக்ஸ் அடிக்கும் தங்கதுரை அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, திருத்தம் இருந்தால் இப்பவே சொல்லுங்கள் என்றார். கேட்ட பிறகு சொல்லாமல் இருந்தால் மரியாதையா?

எருமை எந்நேரமும் குளத்தில்தானே கிடக்கும், அதன் காலை யார் கண்டது என்றான் மாசானம். கால்கள் போயின. எருமை கறுப்பாச்சே, சுற்றிலும் எதற்கு வெள்ளை என்றான் சுடலை. தாள் முழுக்கக் கறுப்பானது. நாலு நாள் பட்டினியில் கொம்புகூட இளைத்திருக்கும் என்று சடையன் கண்கலங்கினான். கொம்பும் காணாமல் போனது. நெற்றியில் உள்ள வெள்ளைச் சுட்டியில் வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுவோம், அது பளிச்சென்று தெரியணும் என்றார்கள். கடைசியில் மிஞ்சியது கறுப்புத் தாளும் நடுவில் மஞ்சளாக ஒரு வட்டமும்தான்.

தங்கதுரைக்குப் பொறுமை போய்விட்டது. கிண்டலாகப் படத்துக்கு அடியில் ஒரு கதையைச் சேர்த்தார்: "குளத்தில் தண்ணீர் குடிக்கும்போது நிலாவையும் சேர்த்துக் குடித்துவிட்ட எருமை இது." சடையன் எழுத்துக்கூட்டி வாசித்தான். இத்தனை வருசம் வளர்த்தும் தன்னிடம் மறைத்துவிட்டதே என்று அவனுக்கு வருத்தம்.

மறுநாள் சாயங்காலம் எருமை தானாகவே தொழுவத்துக்கு வந்து நின்றது. சடையன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். சுடலை அவனை விலக்கினான்.

"அவசரப்படாதே. படத்தோட ஒத்துப் பாக்கணும்."

பக்கத்தில் படத்தைப் பிடித்தார்கள்.

"இதுக்கு நாலு கால் இருக்கு. படத்துல ஒண்ணுகூட இல்லையே" என்றான் மாசானம்.

"வயித்துல நிலா இருக்கான்னு பாரு" என்றான் சுடலை.

மாசானம் எருமையின் வயிற்றில் காதை வைத்தான். "கடமுடன்னு கேக்குது. நிலா சத்தம் போடாது."

சடையன் அதன் கழுத்தை இன்னொரு முறை தடவிக்கொடுத்தான். ஆனாலும் அடுத்தவன் எருமையை வைத்துக்கொள்வது பாவம் இல்லையா? உன் வீட்டில் தேடுவார்கள், போ தாயி என்று வைக்கோல் கொடுத்து ஊர் எல்லைவரை விரட்டிவிட்டான். அது இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டு முறையும் விரட்டினார்கள்.

இருட்டிவிட்டது. இனி பேச்சி எங்கே வரப்போகிறாள் என்று சடையன் அண்ணாந்து பெருமூச்சு விட்டான். மேலே ஒரே கறுப்பு. நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம். படத்தைத் தூக்கி ஒத்துப் பார்த்தான். அப்படியே இருந்தது. பால் செம்பை எடுக்க ஓடினான்.

அந்த நேரம் பார்த்து லேசாக ஒரு தூறல் விழுந்தது. செம்பில் பிடித்துக் குடித்துப் பார்த்துவிட்டு, மாசானத்தைப் பேச்சியின் ஊருக்கு விரட்டினான்.

"எருமை கிடைச்சாச்சு, உடனே வரச் சொல்லு. அஞ்சு நாள் அலைஞ்ச உடம்பு, பால் கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கு. வரும்போது அவ அண்ணன்கிட்ட நீளமா ஒரு கயிறு வாங்கிட்டு வரச் சொல்லு."