கூரன் கழற்றி வைத்த நார்ப்பட்டை

குமிழங்காட்டில் கூரன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு இரண்டு பொறுப்புகள்.

கோடையில் காட்டுத்தீ கிளம்பினால் காவல்படை கொம்பு ஊதும். உடனே கூரன் படையின் நார்ப்பட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஓடும். தீ தாண்டாதபடி பள்ளம் தோண்டும். தீ அணைந்ததும் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்பும். மற்ற நாள்களில் அது காட்டுச் சபையின் உறுப்பினர். வளைகளில் வாழும் முயல், கீரி, எலி எல்லாம் சேர்ந்து அதைத் தேர்ந்தெடுத்திருந்தன.

காட்டின் தலைவர் ஒரு யானை. அதுவும் தேர்தலில் வென்றுதான் வந்தது. காவல்படைக்கும் அதுதான் தலைவர்.

ஒருநாள் சபையில் யானை சொன்னது: "ஓடையை மறித்து அணை கட்டப் போகிறேன். நான் குளிக்கும் மடு இன்னும் ஆழமாக வேண்டும்!"

கூரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடையை மறித்தால் தண்ணீர் கரையேறும். கரையெல்லாம் வளைகள். வளைகளுக்குள்ளே குட்டிகள்!

"கூடாது, தலைவரே!" என்று எழுந்து நின்றது. "எங்கள் வீடுகள் மூழ்கிப் போகும்!"

யானையின் ஆலோசகரான ஓணான் கிளையிலிருந்து கத்தியது. "ஏய் கூரா! நீ படைவீரன். தலைவரை எதிர்த்துப் பேச உனக்கு என்ன துணிச்சல்? ஒன்று, வாயை மூடு. இல்லாவிட்டால் படையை விட்டுப் போ!"

கூரனின் முட்கள் தாமாகவே சிலிர்த்தன. படை வேலை அதற்கு உயிர். போன கோடையில் முதுகு முள்ளெல்லாம் பொசுங்கப் பொசுங்க நின்று தோண்டியது அது. அந்த வேலை போய்விடுமோ? ஆனால் பின்வரிசையில் முயல்கள் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"தலைவரே, என் கழுத்தைப் பாருங்கள். பட்டை இருக்கிறதா?" என்று கேட்டது கூரன்.

"இல்லை."

"அப்படியானால் இப்போது பேசுவது வீரன் இல்லை, வளைக்காரர்கள் அனுப்பிவைத்த ஆள். பட்டை கட்டியிருக்கும்போது நீங்கள் தோண்டு என்றால் தோண்டுவேன். ஏன் என்று கேட்க மாட்டேன். இங்கே கேட்பேன். கேட்கத்தான் வந்திருக்கிறேன்!"

"சும்மா அளக்கிறான்!" என்றது ஓணான். "இன்று வாயால் எதிர்ப்பவன் நாளை களத்தில் காலை வாரிவிடுவான்!"

வாக்கெடுப்பு நடந்தது. அணை வேண்டும் என்று எட்டுப் பேர். வேண்டாம் என்று ஒன்பது பேர். யானைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இவன் பெயரைப் படையிலிருந்து அடித்துவிடு!" என்று தளபதி செந்நாயிடம் உறுமியது.

"களத்தில் தவறு செய்தால் நானே அடிக்கிறேன், தலைவரே" என்றது செந்நாய். "இதுவரை ஒரு தவறும் செய்யவில்லையே."

நான்காம் நாள் நண்பகலில் வடக்கு மேட்டில் புகை எழுந்தது. கொம்பு முழங்கியது. கூரன் பட்டையைக் கட்டிக்கொண்டு பாய்ந்தது. அங்கே யானையே முன்னால் நின்று மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது.

"கூரா, மூங்கில் புதருக்குப் பின்னால் தோண்டு!"

"சரி, தலைவரே!"

அங்கேதான் அனல் அதிகம். கூரன் ஏன் என்று கேட்காமல் இறங்கியது. மண்ணை வாரி இறைத்தது.

தண்ணீர் சுமந்து வந்த முயல் ஒன்று அதன் காதில் முணுமுணுத்தது. "உன்னை விரட்டப் பார்த்தவருக்காகவா இப்படி வேகிறாய்? நறுக்கென்று நாலு வார்த்தை கேளேன்!"

"பட்டை கழுத்தில் இருக்கிறது. நாளைக்குச் சபைக்கு வா, கேட்கிறேன். இப்போது தண்ணீரை ஊற்று!"

மாலைக்குள் தீ அந்தப் பள்ளத்தோடு நின்றது. யானை வந்து பார்த்தது. கரி படிந்த கூரனைக் கண்டு அதற்கு வெட்கமாகப் போய்விட்டது. துதிக்கையில் தண்ணீர் எடுத்து, தானே அதன் முதுகில் பீய்ச்சியது.

மறுநாள் சபை கூடியது. "எரிந்த மேட்டில் முளைக்கும் மூங்கில் குருத்தெல்லாம் யானைகளுக்கே!" என்று அறிவித்தது தலைவர் யானை.

"கூடாது, தலைவரே!" என்று எழுந்தது கூரன்.

ஓணான் வாயைத் திறந்தது. யானை துதிக்கையை உயர்த்தி அதை அடக்கியது.

"நீ சும்மா இரு. கூரா, ஏன் கூடாது? சொல்லு, கேட்கிறேன்!"

களத்தில் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறவர் சபையில் தலைவரை எதிர்த்துப் பேசுவது துரோகம் அல்ல. தம்மை அனுப்பியவர்களுக்காக அஞ்சாமல் பேசுவதும் அவர் கடமைதான்.