குயில் கேட்ட குஞ்சுக் கழிவு

அத்திமரக் காட்டில் ஒரு குயில் இருந்தது. அதற்குக் கூடு கட்டத் தெரியாது. காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டு நழுவிவிடும். காக்கையும் தன் குஞ்சென்று நம்பி ஊட்டி வளர்க்கும். இந்த ரகசியம் யாருக்கும் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கும்!

அந்தக் காட்டில் வரி உண்டு. பறித்த பழத்தில் பத்துக்கு ஒன்றைக் கோடைச் சேமிப்புக்குக் கொடுக்க வேண்டும். குஞ்சுக்குத் தீனி போடுகிறவர்களுக்கு மட்டும், குஞ்சு ஒன்றுக்கு நான்கு பழம் கழிவு. கழிவு என்றதும் மரத்தடியில் விழுவதை நினைக்காதீர்கள்! வரியில் குறைத்துக்கொள்வது.

குயில் ஓர் இலையில் எழுதி நீட்டியது: "குஞ்சுகள் இரண்டு. கழிவு எட்டுப் பழம்."

வரி வாங்கும் ஆமை நிமிர்ந்து பார்த்தது. "ஏம்மா, தீனி போடறவங்களுக்குத்தானே கழிவு? நீ போடறியா?"

"போடாம இருப்பேனா ஐயா! எல்லாரும் எழுதறாங்க, நீயும் எழுதுன்னு கிளிகூடச் சொல்லுச்சு!"

"கிளி ஆயிரம் சொல்லும்! மாட்டினா அதுவா வந்து நிக்கும்? பொய்க் கழிவுக்கு ரெண்டு மடங்கு அபராதம். இப்பவே எழுதினதை அடிச்சிட்டுப் போ, நானும் மறந்துடறேன்."

"முடியாது! என் குஞ்சு, என் கழிவு!"

ஆமைக்கு அலுத்துப்போனது. "சரி, கூடு எங்கேன்னு எழுது. அது இல்லாம கழிவு கிடையாது."

எட்டுப் பழம் குயிலின் கண்ணை மறைத்தது. "வேப்பமரம், மூன்றாவது கிளை" என்று எழுதியே விட்டது. என்னத்தைச் சொல்ல!

ஆமை பழைய இலைகளைப் புரட்டியது. "அட, இது காக்கா எழுதிக் கொடுத்த கூடாச்சே! ஏ காக்கா, இங்க வா! உன் கூட்டுல ரெண்டு குஞ்சு தன்னுதுன்னு இந்தம்மா எழுதியிருக்கு!"

காக்கை படித்துப் பார்த்துப் பதறியது. "அடிப்பாவி! வாயில வெச்சு வெச்சு ஊட்டினேனே!"

"ஐயா, பதினாறு பழமும் கட்டிடறேன்! அந்த இலையை மட்டும் கிழிச்சுடுங்க!" என்று குயில் கெஞ்சியது.

"கட்டத்தான் வேணும். கிழிக்க முடியாது. அப்பவே சொன்னேனே, கேட்டியா?" என்றது ஆமை.

காக்கை பறந்து போய் இரண்டு குஞ்சுகளையும் தூக்கி வந்து குயிலின் முன்னால் வைத்தது. "உன் குஞ்சுதானே? நீயே வளர்!"

மழை தூற ஆரம்பித்தது. குயில் கிளையில் ஒரு சுள்ளியை வைத்தது, விழுந்தது. இன்னொன்றை வைத்தது, அதுவும் விழுந்தது. குஞ்சுகள் நனைந்தபடி வாயைத் திறந்து கத்திக்கொண்டே இருந்தன. எட்டே எட்டு அத்திப்பழத்துக்காக!

உரிமையில்லாத கழிவைக் கேட்டு எழுதிக் கொடுப்பவர், மிச்சம் பிடிக்க நினைத்ததைவிடப் பெரியதை இழப்பார்.