கறுப்புக் கட்டத்தில் இரண்டு ராஜாக்கள்

“நான் சொன்னதுல பொய் இருக்குதுங்களா டீச்சர்?” என்று கேட்டார் தெய்வசிகாமணி.

டீச்சருக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. பெயர் ஜெசிந்தா. ஒரு காலத்தில் ஈரோட்டில் பெரியவர்களுக்குச் சதுரங்க வகுப்பு எடுத்தவர். இப்போது சென்னையில் நடக்கும் ஒரு பெரிய போட்டியில் நடுவர். குரு சிஷ்யரை சார் என்பார். சிஷ்யர் குருவை டீச்சர் என்பார். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

தெய்வசிகாமணி ஆடக் கற்றுக்கொண்டது கொஞ்சம். பேசக் கற்றுக்கொண்டது அதிகம். பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களுக்கு இணையத்தில் தமிழில் வர்ணனை செய்தார்.

முகத்தைக் காட்டமாட்டார். திரையில் பலகை இருக்கும். ஓரத்தில் கம்ப்யூட்டர் போடும் கறுப்பு வெள்ளைப் பட்டை இருக்கும். எந்த நிறம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் ஜெயிக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு பேசினால் யார் பேசினாலும் மேதை மாதிரிதான் இருக்கும். அவரும் அப்படித்தான் இருந்தார்.

அந்த ஆட்டக்காரர்களில் யுகேந்திரன் என்றால் அவருக்கு உயிர். அரை டவுசர் போட்டு ஆடிய காலத்திலிருந்து அவன் ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. முந்தாநாள், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் அவன் ஒரு யானையைத் தப்பாக நகர்த்தினான். பட்டை சட்டென்று நிறம் மாறியது. தெய்வசிகாமணிக்கு வயிறு எரிந்தது. இது குழந்தைக்குக்கூடத் தெரியும், இவர் கடையைக் கட்டிக்கொண்டு கேரம் ஆடப் போகட்டும் என்று வர்ணனையில் சொல்லிவிட்டார்.

அந்த வீடியோத் துண்டு ஊரெல்லாம் சுற்றியது.

நேற்று யுகேந்திரன் பத்திரிகைக்காரர்களிடம், அடுத்த ஆட்டத்திலும் தோற்றால் இந்த விளையாட்டையே விட்டுவிடப் போவதாகச் சொன்னான். கேட்டதும் தெய்வசிகாமணி ரயிலேறி வந்துவிட்டார்.

“கம்ப்யூட்டர் சொன்னதைத்தானுங்க சொன்னேன். தப்பில்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் ஊருக்குப் போயிருவேன்.”

ஜெசிந்தா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. பார்வையாளர் சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

“மத்தியானம் வந்து உட்காருங்க சார். போனை வாசல்ல வாங்கிடுவாங்க.”

“அப்புறம்?”

“உள்ள பேசக் கூடாது.”

வாசலில் போனை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். முதல் வரிசையில் இடம் கிடைத்தது. யுகேந்திரனுக்கு வெள்ளைக் காய்கள்.

ஆரம்ப நகர்த்தல்கள் தெய்வசிகாமணிக்குத் தெரிந்தவை. அதன் பிறகு எதுவும் பிடிபடவில்லை. கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. டோக்கன்தான் இருந்தது.

யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு ஆட்டத்தைப் பார்த்து அவருக்கு வெகுகாலம் ஆகிவிட்டது. பயமாக இருந்தது.

மேசைக்கு அடியில் யுகேந்திரனின் ஒரு கால் ஷூவை விட்டு வெளியே வந்திருந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது. கேமரா எப்போதும் மேசைக்கு மேலேதான் இருக்கும். இத்தனை வருடம் பேசியதில் இந்தக் காலை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

யுகேந்திரன் தன் குதிரையை எதிராளியின் ராஜாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். தெய்வசிகாமணிக்குக் கண் கலங்கியது. பையன் ஜெயித்துவிட்டான்.

எதிராளி ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

யுகேந்திரன் வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கடிகாரத்தை நிறுத்தினான். கையை நீட்டினான். எதிராளி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தெய்வசிகாமணி சிரித்துக்கொண்டே எழுந்து நின்றார்.

ஜெசிந்தா மேசைக்கு வந்தார். ஆட்டம் முடிந்ததும் இரண்டு ராஜாக்களையும் எடுத்துப் பலகையின் நடுவில் வைப்பது வழக்கம். வெள்ளை ஜெயித்தால் வெள்ளைக் கட்டங்களில் வைப்பார்கள். கறுப்பு ஜெயித்தால் கறுப்புக் கட்டங்களில்.

ஜெசிந்தா இரண்டையும் கறுப்புக் கட்டங்களில் வைத்தார். வைத்துவிட்டு, நின்றுகொண்டிருந்த சிஷ்யரை ஒருமுறை பார்த்தார்.

தெய்வசிகாமணியின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து, போன் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கவுண்டரில் இருந்த பெண் போனை எடுத்து நீட்டினாள். அதைத் திறந்தால் ஆட்டம் எந்த இடத்தில் போனது என்று பட்டை சொல்லிவிடும். வேண்டாம் என்று கையாட்டினார்.

யுகேந்திரன் வந்தான். பின்னாலேயே ஜெசிந்தா. அவன் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்தான். இன்னும் இரண்டு சுற்று இருக்கிறதே என்றார் அவர்.

பெஞ்சில் தெய்வசிகாமணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவர் யாரென்று அவனுக்குத் தெரியாது. தோற்றவர்கள் வெளியே வந்ததும் கண்ணில் படுகிற முதல் ஆளிடம் ஒன்றைத்தான் கேட்பார்கள். வெளியே இருப்பவர்களுக்கு எப்போதும் விடை தெரிந்திருக்கும்.

“எங்க சார் போச்சு?”

தெய்வசிகாமணி ஜெசிந்தாவைப் பார்த்தார். அவர் அட்டையின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். இங்கே பேசக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எழுந்து போய்விடலாம். எழுந்திருக்க முடியவில்லை.

“தெரியலீங்க தம்பி.”

யுகேந்திரன் மெதுவாகத் திரும்பினான்.

“சின்ன வயசுலேர்ந்து உங்களைக் கேட்டுட்டிருக்கேன். தெரியலன்னு நீங்க சொல்லி இப்பத்தான்ணா கேக்கறேன்.”