சித்திரக்கூடத்து அப்பளம்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு மடம். மடத்துக்குள் ஒரு சித்திரக்கூடம். அதன் நீளச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு துணிச் சித்திரம், தேரோட்டம் வரைந்தது. தேரை விட்டுவிடுங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. வடம் பிடிக்கும் கூட்டத்தில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நிற்பாள். அந்தக் குழந்தை மட்டும் தேரைப் பார்க்காமல் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். சனங்கள் அதைப் பார்க்கத்தான் வருவார்கள்.

அந்தக் குழந்தையின் முகம் உதிர ஆரம்பித்திருந்தது.

கூடத்தைக் கவனித்துக்கொண்டவர் ஆவுடையப்பன். தூத்துக்குடியில் மீன் குளிர்கிடங்கில் காலமெல்லாம் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகு பாடம் கேட்க மடத்துக்கு வந்தவர். மடத்தின் தலைவி கோமதியம்மைக்கு அவரைவிட வயது நிறையக் குறைவு. அதனால் அம்மை அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுகிற குருவை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

வந்த புதிதில் ஆவுடையப்பன் கூடத்துக்கு ஏசி மாட்டினார். அவர் செலவு, அவர் கைவேலை. மடத்துக்கு அவர் கொடுத்த காணிக்கை அது. குளிர் வெளியே போகாமலிருக்க ஜன்னல்களைத் தெர்மாகோல் வைத்து அடைத்தார். கரண்ட் போனால் ஓட்டுவதற்கு ஒரு ஜெனரேட்டரும் வைத்தார். சாயங்காலம் கடைசி ஆள் வெளியேறியதும் எல்லாவற்றையும் நிறுத்திப் பூட்டிவிடுவார். மின்சாரம் வீணாகக் கூடாதாம். மனுஷர் அதில் ரொம்பக் கறார்.

சித்திரத்துக்கு அடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து வைத்திருந்தார். காலையில் கதவைத் திறந்ததும் அவர் பார்ப்பது அதைத்தான். துண்டில் தினமும் நிறத்தூள் கிடந்தது.

பங்குனி வெயில் ஆரம்பித்ததும் அவர் அம்மையிடம் போனார். கையில் அந்தத் துண்டு.

"அம்மா, இந்தக் கோடை தாண்டாது. பிள்ளையோட ஒரு கன்னம் போயிட்டு. படத்தைக் காப்பாத்த நான் என்ன செய்யணும்?"

"இப்ப என்ன செய்றீங்க?"

"ஏசி போடுறேன். அது பத்தலை. இன்னொண்ணு மாட்டலாம்னு பாக்கேன். நீங்க சரின்னு சொன்னா போதும்."

அம்மை அடுக்களைக்குப் போய் இரண்டு பச்சை அப்பளங்களோடு வந்தார்.

"ஒண்ணைச் சித்திரத்துக்குப் பக்கத்துல கிளிப் போட்டுத் தொங்க விடுங்க. இன்னொண்ணு என் அறையில தொங்கட்டும். காலையிலயும் சாயங்காலமும் தொட்டுப் பாருங்க."

"அப்பளத்தையா?"

"அப்பளத்தைத்தான்."

ஆவுடையப்பனுக்கு எரிச்சல் வந்தது. படம் செத்துக்கொண்டிருக்கிறது, இந்த அம்மா அப்பளம் தொங்கவிடச் சொல்கிறார்களே என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனாலும் தொங்கவிட்டார். குரு சொல்லாச்சே.

சாயங்காலம் தொட்டபோது கூடத்து அப்பளம் காய்ந்து விறைத்திருந்தது. மறுநாள் காலையில் அதே அப்பளம் நமுத்துப்போய்த் துவண்டு கிடந்தது. ஏசி ஓடியதும் மறுபடி விறைத்தது. நிறுத்திப் பூட்டியதும் மறுபடி துவண்டது. அம்மையின் அறை அப்பளம் தொங்கவிட்டபடியே மாறாமல் இருந்தது. அந்த அறையில் மின்விசிறிகூட இல்லை, ஒரு ஜன்னல்தான் உண்டு.

சில நாள் இப்படியே போயிற்று. ஒரு மத்தியானம் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடத்து அப்பளம் விளிம்பில் விண்டு, பாதி கீழே விழுந்தது. விழுந்த இடம் அந்த வெள்ளைத் துண்டு.

அவர் அப்பளத் துண்டங்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அம்மையிடம் ஓடினார்.

"அம்மா! நான் போட்டுப் போட்டு நிறுத்துறதுலதான் படம் உதிருது. காயுது, நமுக்குது, மறுபடி காயுது. துணியும் அப்படித்தானே இழுத்துக்கிட்டும் தளர்ந்துக்கிட்டும் இருக்கும்? அய்யோ, இத்தனை நாளா நானே செஞ்சிருக்கேனே! இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"எனக்கு மட்டும் தெரியுமா, அண்ணாச்சி? நானும் உங்ககூடச் சேந்துதான் அப்பளத்தைப் பாத்தேன்."

ஆவுடையப்பன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. மெஷின்காரர் புத்தி வேறெங்கே போகும்?

"அப்ப நிறுத்தவே கூடாது. ராவும் பகலும் ஓட்டணும். ஒரே குளிர், ஒரே சீரு. கிடங்குல அப்படித்தான் ஓட்டினோம்."

"கரண்ட் போனா?"

"பெரிய ஜெனரேட்டரா வாங்கிடுவோம்."

"புகை எங்க போகுது?"

"வெளியே போயிரும்மா. குழாய் வச்சிருக்கேன்."

"வெளியேன்னா எங்க?"

"வெளியேன்னா... வெளியேதான்."

"போய்ப் பாத்துட்டு வாங்க."

ஜெனரேட்டர் கூடத்துக்குப் பின்னால் இருந்தது. புகைக்குழாய் மதிலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அவரே வைத்த குழாய்தான், ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. அன்று போனார். அங்கே ஒரு பால்வாடி இருந்தது. அவர் போய் நின்ற நேரம் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் தானாகவே உறுமத் தொடங்கியது. உடனே பால்வாடி டீச்சர் எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். பழகிப்போன வேலை என்பது சாத்திய வேகத்திலேயே தெரிந்தது. அந்த வெயிலில், மூடிய ஜன்னலுக்குள், பிள்ளைகள் இருமும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவர் நேராகக் கூடத்துக்குப் போய் எல்லாவற்றையும் நிறுத்தினார். ஏணி போட்டு ஏறி, ஜன்னல்களைத் திறக்க, தான் அடைத்த தெர்மாகோலைப் பெயர்த்தார். அது தூள்தூளாக நொறுங்கி முற்றமெல்லாம் பறந்தது. அதைப் பொறுக்கி முடிப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. துளசி மாடத்துக்குள்கூடக் கிடந்தது, சனியன்.

அதன்பிறகு கூடத்துக்கு வந்தவர்கள் அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, ஏசி ஓடலையா?" என்றார் தினமும் வருகிற ஒருவர். பஸ் வரும்வரை சித்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறவர்.

"நிறுத்தியாச்சு."

"இப்படி வேர்த்தா மனுஷன் எப்படி உக்காருவான்?"

"படத்துக்கு வேர்க்கலையே."

இப்படிச் சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் உள்ளுக்குள் உதறல்தான். காலையில் கதவைத் திறந்ததும் துண்டிடம்தான் ஓடுவார். முதலில் துண்டில் கொஞ்சம் தூள் கிடந்தது. பிறகு அதுவும் குறைந்தது. சித்திரை முடியும்போது துண்டு வெள்ளையாகவே கிடந்தது. போன கன்னம் போனதுதான். மிச்ச முகம் அப்படியே நின்றது. ஒரு கன்னத்தோடு அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் அதன் முன்னால் நின்று அழுதார், சந்தோஷத்தில்தான்.

வைகாசியில் ஒரு முற்பகல், கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மையின் அறைக்கு வந்து நின்றார்.

"ஊருக்குப் போறேம்மா. உத்தரவு வேணும்."

"ஏன், யாரும் ஏதும் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொல்லலை. எனக்கு இங்க வேலை இல்லை. மெஷின் தெரிஞ்சவன் நான். மெஷினை நிறுத்தியாச்சு. நான் எதையாவது செஞ்சாத்தான் அந்தப் படத்துக்குக் கேடுன்னும் தெரிஞ்சுபோச்சு. சும்மா சோறு திங்க எனக்கு மனசு ஒப்பலை."

"சும்மா இருக்கச் சொன்னது யாரு?"

"பின்ன என்ன வேலை இருக்கு?"

கோமதியம்மை ஜன்னல் பக்கம் தொங்கிய அப்பளத்தைக் கிளிப்பிலிருந்து எடுத்தார். தொட்டுப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க ஏசி மாட்டுறதுக்கு முன்னாடி எத்தனையோ தலைமுறையா அந்தப் படம் அங்கதான் தொங்குச்சு. யாரோ ஒருத்தர் தினமும் விடியக்காலம் வந்து ஜன்னலைத் திறந்தாரு. வெயில் ஏறினதும் சாத்தினாரு. நடுவுல கை துறுதுறுன்னு வந்தாலும் படத்தைத் தொடாம நின்னாரு. அவரு பேரு மடத்துல ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க ஏசி மாட்டின அன்னைக்கு அந்த வேலை காலியாச்சு. இன்னும் காலியாத்தான் கிடக்கு. உங்களால முடியுமா, அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் முற்றத்தை எட்டிப் பார்த்தார். வெயில் பாதி முற்றம் ஏறியிருந்தது. பெட்டியை வைத்துவிட்டுக் கூடத்து ஜன்னல்களைச் சாத்தப் போனார்.