எழுந்து சிரிக்கிற ஷாட்

சினிமாவில் ஒருத்தர் தன் குருவைத் தேடி வீட்டுக்கு வருகிறார் என்றால், ஒன்று பட பூஜைக்குப் பத்திரிகை வைக்க வருவார், இல்லை படம் ஊத்திக்கொண்ட பிறகு அழ வருவார். அறவாழி இரண்டுக்கும் நடுவில் வந்தார். படம் முடிந்துவிட்டது, இன்னும் ஊத்திக்கொள்ளவில்லை. ஆனால் ஊத்திக்கொள்ளப் போகிறது என்று அவருக்கே தெரிந்துபோயிற்று. அந்தப் பயத்தில்தான் சாலிகிராமத்தில் மங்கை மேடம் வீட்டு மாடிப்படியை மூச்சிரைக்க ஏறினார். ஐம்பது தாண்டிய உடம்பு, சர்க்கரை வேறு.

மங்கையர்க்கரசி என்பது மேடத்தின் முழுப்பெயர். இயக்கியது மூன்றே படம். அதில் இரண்டை அவர் வீட்டாரே மறந்துவிட்டார்கள். மிச்சமிருக்கிற ஒன்றை ஊரே மறக்கமாட்டேன் என்கிறது. ‘மொட்டை யாருக்கு?’

கதை இதுதான். கூலிக்குக் கொலை செய்கிற இரண்டு மடையர்கள், வீடு மாறிப் போய், சதாசிவம் என்கிற தனிக்கட்டையைத் தலையணையால் அமுக்கிக் கொன்றுவிடுகிறார்கள். ஓடுவதற்குள் அக்கம்பக்கம் கூடிவிடுகிறது. தூக்கத்திலேயே போய்விட்டார், ஊரிலிருந்து அக்கா பிள்ளைகள் வந்த நேரம் பார்த்து இப்படி ஆகிவிட்டதே என்று, இவர்களையே அந்தப் பிள்ளைகளாக நினைத்துக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இனி ஓடினால் சந்தேகம் வரும். வேறு வழியில்லாமல் பாடை கட்டுவது முதல் கருமாதி வரை எல்லாவற்றையும் கொன்றவர்களே முன்னால் நின்று செய்கிறார்கள். கொள்ளி வைக்கிறவன் மொட்டை போட வேண்டும் இல்லையா? ஆற்றங்கரையில் நாவிதர் கத்தியோடு காத்திருக்கும்போது ஒருத்தன் இன்னொருத்தன் காதோடு கேட்பான்: “அமுக்குனது நீ, மொட்டை எனக்கா?”

முப்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ஆபீஸில் ஒருத்தர் செய்த தப்புக்கு இன்னொருத்தருக்கு மெமோ வந்தால் இந்த வசனம்தான். ஆட்டோ முதுகில் எழுதியிருக்கிறார்கள். மீம் போடுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் படம் வந்தபோது பிறக்கவேயில்லை. அதற்குப் பிறகு தமிழில் வந்த கொலைப் படங்களில் எல்லாம் கொலைகாரர்கள் ஜோடியாக வந்தார்கள். ஒருத்தன் குண்டு, ஒருத்தன் ஒல்லி. குத்துவதற்கு முன்னால் பரோட்டாவுக்குச் சால்னாவா குருமாவா என்று சண்டை போட்டார்கள்.

கடைசி ஷாட்டைச் சொல்லவே வேண்டாம். பாடையில் கிடக்கிற சதாசிவம் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பார். படம் முடிந்துவிடும். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் என்ன என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள், புத்தகம் எழுதினார்கள், கைகலப்பு வராதது ஒன்றுதான் குறை. மேடம் மட்டும் இத்தனை வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

அந்தப் படத்தில்தான் அறவாழி கடைசி உதவி இயக்குநர். கிளாப் அடிக்கிற ஆள்.

மேடம் கிரிக்கெட்டைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, சோபாவில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். அறவாழியைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த பேப்பரை நகர்த்தி இடம் விட்டார்.

“லிங்க் அனுப்பினேனே மேடம், படம் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“சிரிச்சீங்களா?”

“ரெண்டு தடவை காபி குடிச்சேன்.”

அறவாழிக்கு முகம் விழுந்துவிட்டது. ‘ரத்தப் பொரியல்’ என்று பெயர் வைத்த அன்றைக்கே பாதி வெற்றி என்று நண்பர்கள் கைகொடுத்திருந்தார்கள். படத்தில் பதினாலு சாவு. ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஒருத்தன் கிரைண்டரில், ஒருத்தன் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரில். பின்னணியில் பழைய மெல்லிசைப் பாட்டு. எழுதும்போது அறவாழி தனியறையில் தானே சிரித்துச் சிரித்துப் புரையேறியிருக்கிறார்.

“பிரிவியூ போட்டோம் மேடம். ஒருத்தன் சிரிக்கலை. நடுவுல ஒருத்தர் இருமினாரு, அதை சிரிப்புன்னு நினைச்சு நான் திரும்பிப் பார்த்தேன்.”

“பாவம்.”

“புரொடியூசர் ஒரு நாள் ஷூட்டிங் தர்றேன்னு சொல்லிட்டாரு. நாளைக்கு. முடிவை மட்டும் மாத்தி எடுன்னு சொல்றாரு. செத்தவங்கள்ல ஒருத்தன் எழுந்து சிரிக்கணுமாம். நம்ம படத்துல மாதிரி.”

“எடுத்துட்டுப் போயேன். நானா வேண்டாங்கறேன்? இதுவரைக்கும் எடுத்தவங்க எல்லாம் என்னைக் கேட்டா எடுத்தாங்க?”

“எடுத்துப் பார்த்துட்டேன் மேடம். போன வாரமே. சும்மா போன்லயே மூணு பேரை வெச்சு எடுத்தேன். பல்லு தெரியுது, சிரிப்பு வரலை.” அறவாழி கையைப் பிசைந்தார். “ஏற்கெனவே ரெண்டு படம் போச்சு. இதுவும் போச்சுன்னா அப்புறம் எனக்கு எவனும் போன்கூட எடுக்கமாட்டான். இத்தனை வருஷத்துல நான் கேட்டதில்லை, இப்பக் கேக்கறேன். அந்தச் சிரிப்பை எப்படி மேடம் எடுத்தீங்க?”

மேடம் ஒரு கொத்தை உருவி முடித்துக் காம்பைத் தனியாகப் போட்டார்.

“நீயும் அங்கதானே இருந்தே.”

இருந்தார். எப்படி மறக்கும்? செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஓட்டு வீடு. வாசலில் பந்தல், சங்கு, சேகண்டி, சாம்பிராணிப் புகை. வேஷம் போட்ட ஒப்பாரிக்காரர்களோடு ஊர்ப் பெண்கள் நாலு பேர் தாங்களாகவே வந்து உட்கார்ந்து அழுதார்கள். அறவாழிக்கு அப்போது இருபத்தொரு வயது. ஒரே லுங்கியை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு நாலு உதவி இயக்குநர்கள் ஒரு அறையில் கிடந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் லைட்மேன், நடிகர், டைரக்டர் எல்லாரும் ஒரே பாயில்தான். இரவெல்லாம் அடுத்த நாள் காட்சியைப் பேசிப் பேசி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்படி ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு அவருக்கு வாய்க்கவில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை, அவர் மனைவிக்குத் தெரிய வேண்டாம்.

“சதாசிவமா நடிச்சவர் பொன்னுரங்கம்,” என்றார் மேடம். “நாடகத்துல இருந்து வந்தவரு.”

“ஆமா மேடம். வெத்தலைப் பெட்டி இல்லாம பாடையில ஏறமாட்டேன்னு அடம் பிடிப்பாரே.”

“தலைமாட்டுல மறைச்சு வெச்சுத்தான் ஷாட் வெச்சோம்.” மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. “பாடையில கிடக்கிற கடைசி ஷாட். மத்தியானம். மனுஷன் மூச்சை அடக்கிட்டு அசையாம கிடந்தாரு. கட் சொன்னேன். அப்புறம் என்ன செய்வோம்?”

“எழுப்பிச் சிரிக்கச் சொல்வோம்.”

சினிமாவில் அது ஒரு வழக்கம். பிணமாக நடித்தவரை அப்படியே இறக்கி அனுப்பமாட்டார்கள். கட் சொன்னதும் அவர் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் கேமரா ஓடவிட்டு எடுப்பார்கள். இல்லாவிட்டால் நடித்தவருக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. எந்தப் படத்திலும் அது வராது. எடிட்டிங்கில் கத்தரித்துப் போட்டுவிடுவார்கள்.

“புரொடக்ஷன் மேனேஜர் வந்து, ஃபிலிம் கம்மியா இருக்கு, அதெல்லாம் மூடநம்பிக்கை, வேணாம்னாரு. எனக்கும் நம்பிக்கை இல்லைதான். ஆனா அந்த மனுஷன் கண்ணை மூடிட்டு, நான் சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருக்காரு. நீ போய்க் கையைக் கொடுத்து எழுப்பினே. எழுந்து சுத்திப் பார்த்தாரு. அந்த ஊர்ப் பொம்பளைங்க கட் சொன்னது தெரியாம இன்னும் அழுதுட்டு இருந்தாங்க. என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?”

“‘அடப்பாவிகளா, நான் நிஜமா செத்தாக்கூட இத்தனை பேரு வரமாட்டாங்களே’ன்னாரு.”

“சொல்லிட்டுத் தானே சிரிச்சாரு. அதுதான் அந்தச் சிரிப்பு.”

“அதைப் படத்துல வைக்கணும்னு எப்ப மேடம் தோணுச்சு?”

“எடிட்டர் கத்தரியை எடுத்தாரு. நான் கையைப் பிடிச்சேன். முழுப்படமும் அந்த மனுஷனைப் போட்டு உருட்டியிருக்கோம். குளிப்பாட்டி, வாயில அரிசி போட்டு, வெயில்ல தூக்கிட்டுப் போய். அவரை எழுப்பாம சனங்களை எப்படி வீட்டுக்கு அனுப்பறது? ஒட்டுய்யான்னுட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அறவாழிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்த ஒரு ஷாட்டைப் பற்றித் திரைப்படக் கல்லூரியில் அவரே போய்ப் பேசியிருக்கிறார். மரணத்தை மனிதன் கேலி செய்யும் கணம் என்று பேசியதற்குப் பையன்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

“ஒரு டெக்னிக் இருக்கும்னு நினைச்சேன் மேடம்,” என்றார் பாவமாக.

மேடம் டிவியைப் பார்த்தார். யாரோ அவுட் ஆகி மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

“சரி, உன் பதினாலு பேர்ல கடைசியா செத்தது யாரு?”

“டோல்கேட் பக்கத்துல, நடுரோட்டுல சுடுவோமே மேடம், அந்த ஆளு.”

“அவரை யாரு எழுப்பினா?”

அறவாழி நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் களை வந்தது.

“அதை ஏன் கேக்கறீங்க, அது பெரிய கூத்து. குப்புறக் கிடக்கிற ஷாட். நல்ல வெயில், தார் ரோடு. ஷாட் ஓகே ஆகறதுக்கும் ரோட்டை விடச் சொல்லி ஆளுங்க வந்து சண்டை போடறதுக்கும் சரியா இருந்துச்சு. ஆளாளுக்குச் சாமானை அள்ளிப் போட்டுக்கிட்டு அடுத்த லொகேஷனுக்கு வண்டியை விட்டோம். இந்த ஆளை எல்லாரும் மறந்துட்டோம் மேடம். அவரு எழுந்திருக்கவே இல்லை.”

“ஏன்?”

“கட் சொன்னது அவரு காதுல விழலை. ஷாட் ஓடுதுன்னே நினைச்சுட்டாரு. நாங்க போயிட்டோம், அவரு பாட்டுக்குக் கிடக்காரு. நாய் வந்து மோந்து பார்த்திருக்கு, அசையலை. லாரிக்காரர் ஒருத்தர் ரத்தத்தைப் பார்த்துட்டு பதறிப்போய் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டாரு. அவங்க வந்து ஸ்ட்ரெச்சர்ல புரட்டிப் போட்டா, இவரு கண்ணைத் திறக்காமலே மெதுவாக் கேட்டாராம்: ‘சார், கட் சொல்லிட்டாங்களா?’”

சொல்லிவிட்டு அறவாழி தொடையில் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யூனிட்டில் யார் சேர்ந்தாலும் இதுதான் முதல் பேச்சு, இதைச் சொல்லாமல் டீ இறங்காது என்றார்.

மேடத்தின் உதடு துடித்தது. இதோ சிரித்துவிடப் போகிறார் என்று அறவாழி ஆசையோடு பார்த்தார். சிரிப்பு அங்கேயே நின்றது.

“உடம்புக்கு ஒண்ணும் ஆகலையே?”

“கன்னமும் கையும் கொப்புளம் போட்டிருந்துச்சாம். ரெண்டு நாள் ஜுரம்னு, ஆள் அனுப்பின ஏஜென்ட் சொன்னாரு.”

“அப்புறம் போய்ப் பார்த்தியா?”

“மிக்ஸிங் வேலை ஓடிட்டு இருந்துச்சு மேடம்.”

“அவரு பேரு என்ன?”

அறவாழிக்கு ஏஜென்ட் பெயர் தெரியும். அந்த லாரியின் நிறம்கூடத் தெரியும், அத்தனை தடவை சொல்லியாயிற்று. ஸ்கிரிப்டில் என்ன எழுதியிருந்தோம் என்று யோசித்தார்.

“அடியாள் நம்பர் நாலு,” என்றார்.

சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. அவமானமாக இருந்தது. சிரித்த கண்ணீர் கன்னத்தில் இன்னும் ஈரமாக இருக்க, அதைத் துடைக்கவும் கை வரவில்லை. உள்ளே குக்கர் விசில் அடித்து அடங்கியது. மேடம் உருவிய கறிவேப்பிலையை டப்பாவில் அள்ளிப் போட்டு மூடினார்.

அறவாழி கேட்டார்.

“நாளைக்கு நான் என்ன மேடம் எடுக்கட்டும்?”

“இன்னைக்கு அவரு வீட்டுக்குப் போ. பேரைக் கேட்டுட்டு வா. அப்புறம் அந்தக் கதைக்கு நாம ரெண்டு பேரும் சிரிப்போம்.”