சடையனேரியின் மொழிபெயர்ப்புப் பெட்டி

ஒரு விடுகதை போடுகிறேன், பிள்ளைகளே. வாய்க்குள் இருக்கும்வரை ஒருவருக்கே சொந்தம். வெளியே வந்துவிட்டால் காதுள்ள எல்லோருக்கும் சொந்தம். அது என்ன?

'பேச்சு' என்று சொன்னவர்கள் கெட்டிக்காரர்கள். சடையனேரி பேச்சு ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று பேர் இதற்கு ஒரு வாரம் யோசித்து, 'கொட்டாவி' என்று விடை சொன்னார்கள். அவர்கள் கதைதான் இது.

நிலையத்தின் தலைவர் வைரவநாதன். அவருக்குக் கீழே கூத்தபிரான், அவருக்கும் கீழே தெய்வசிகாமணி. தமிழில் பேசினால் ஒடியாவிலும், ஒடியாவில் பேசினால் தமிழிலும் சொல்லும்படி ஒரு பெட்டியைப் பழக்குவது அவர்கள் வேலை. அந்த வேலை போனால் மற்ற இருவரும் வேறு வேலை தேடிக்கொள்வார்கள். தெய்வசிகாமணிக்கு மட்டும் மாமனாரின் மாட்டுத் தீவனக் கடைதான் கதி. மாமனார் தம் பக்கத்தில் ஒரு முக்காலியை ஏற்கெனவே துடைத்துப் போட்டிருந்தார். தெய்வசிகாமணிக்குச் சோறு இறங்காமல் போவது அந்த முக்காலியை நினைத்துத்தான்.

பெட்டியைப் பழக்க நூறு பேரின் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். தலைமை அலுவலகக் கடிதத்தின் முதல் வரி இது: 'பதிவு செய்யும்போது அறையில் எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது.'

மின்விசிறியை நிறுத்தினார்கள். கடிகாரத்தைக் கழற்றினார்கள். பல்லியைக்கூட மரியாதையாக வெளியே அனுப்பினார்கள். முதலில் பேச வந்தவர் ஒரு பேருந்து நடத்துநர். அவர் "வணக்கம்" என்றதுமே கூத்தபிரான் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

"என்னய்யா இது? பேசத்தானே கூப்பிட்டீங்க?"

"பேசுங்க, யாரு வேண்டாம்னா? சத்தம் வராம பேசுங்க."

நடத்துநர் அரைமணி நேரம் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அப்படியே நூறு பேரும். ஒடியா பேசுவதற்கு, சந்தைக்கட்டடத்தில் வேலை செய்த ஒடிசாக் கொத்தனார்களை அழைத்து வந்தார்கள். அவர்களும் நல்ல மனிதர்கள், வாயே திறக்கவில்லை.

தெய்வசிகாமணி இரண்டு மொழிப் பதிவுகளையும் மாறி மாறிக் கேட்டான். கண் விரிந்தது.

"சார், ஒடியா இவ்வளவு சுலபம்னு எனக்குத் தெரியாது. அப்படியே நம்ம தமிழ் மாதிரியே இருக்கு!"

"எல்லா மொழியும் ஆழத்துல ஒண்ணுதான் தம்பி. குறிச்சு வை," என்றார் வைரவநாதன்.

கடிதத்தின் இரண்டாம் வரி: 'பதிவில் கேட்பதை இரண்டு பேர் தனித்தனியே எழுதி ஒப்பிட வேண்டும்.' கூத்தபிரான் நாலு நோட்டு எழுதாமல் எழுதினார். தெய்வசிகாமணியும் நாலு நோட்டு. வைரவநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இது என்ன புள்ளி?"

"கொசு சார்."

"பதிவுல கொசு இருந்துச்சா?"

"பதிவுல இல்ல சார், நோட்டுலதான்."

"அப்போ அழி. ஆராய்ச்சின்னா நேர்மை வேணும்."

கொசு போனதும் இரண்டு எழுத்தும் நூற்றுக்கு நூறு பொருந்தின. அவற்றைப் பெட்டிக்குக் கொடுத்தார்கள். பெட்டியும் கெட்டிக்காரப் பெட்டி. கற்றுக்கொடுத்ததை அப்படியே கற்றுக்கொண்டது.

பிறகு இரண்டாவது கடிதம் வந்தது. அதிகாரி அம்புஜவல்லி, ஒடியா மட்டுமே தெரிந்த ஒரு குழந்தையுடன் சோதனைக்கு வருகிறார். குழந்தைகளுக்குப் பிடித்த மூன்று பொருள்களை மேசையில் வைக்க வேண்டும். குழந்தை பெட்டியிடம் பேசும். பெட்டி அதைத் தமிழில் சொல்லும். பெட்டி சொன்னதும் குழந்தை தேர்ந்தெடுப்பதும் ஒன்றாக இருந்தால் நிலையம் தொடரும். இல்லாவிட்டால் பூட்டு.

"குழந்தைங்களுக்கு எது பிடிக்கும்னு எப்படித் தெரியும்?" என்றார் கூத்தபிரான்.

"பெத்தவங்களைக் கேட்டாத்தான் தெரியும்," என்றான் தெய்வசிகாமணி.

மூன்று பேரும் அவரவர் அம்மாவுக்குத் தொலைபேசி போட்டு, "உன் குழந்தைக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார்கள். மறுநாள் மேசையில் வைரவநாதனின் மூக்குப்பொடி டப்பியும், கூத்தபிரானின் மூட்டுவலித் தைலமும், தெய்வசிகாமணியின் பாகற்காய் வற்றலும் வரிசையாக இருந்தன.

அம்புஜவல்லி தம்பி மகள் லிப்சாவோடு வந்து சேர்ந்தார். அவளுக்கு ஐந்து வயது. ஒடிசாவில் பிறந்து வளர்ந்தவள். பெட்டியைக் கண்டதும் கடகடவென்று ஒடியாவில் பேசித் தள்ளினாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

"என்ன, பேசலையே?" என்றார் அம்புஜவல்லி.

தெய்வசிகாமணிக்கு அறையின் மூலையில் முக்காலி தெரிந்தது.

"பேசி முடிச்சிடுச்சும்மா," என்றார் வைரவநாதன் அமைதியாக.

"ஒண்ணுமே சொல்லலையே ஐயா!"

"அதேதாம்மா. நீங்களே சரியாச் சொல்லிட்டீங்க. குழந்தை கேக்கிறது ஒண்ணுமே இல்லைன்னு பெட்டி சொல்லுது."

அம்புஜவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அறிக்கையில், 'பெட்டியின் பதில்: ஒன்றும் வேண்டாம்' என்று எழுதினார். "விதின்னா விதி. குழந்தை தேர்ந்தெடுக்கட்டும், பார்த்துடலாம்," என்றார். லிப்சாவிடம் ஒடியாவில், பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

லிப்சா டப்பியைத் திறந்து முகர்ந்தாள். ஏழு முறை தும்மினாள். தைலத்தின் மூடியைத் திறந்தாள், உடனே மூடினாள். வற்றலில் ஒன்றைக் கடித்தாள். தெய்வசிகாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவள் கடித்ததைத் துப்பினாள்.

"உனக்கு எது வேணும்?" என்று அத்தை மறுபடியும் ஒடியாவில் கேட்டார்.

லிப்சா ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டினாள்.