குழியில் மிஞ்சாத மணல்

எறும்புகளுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், வேப்பமரத்தடிப் புற்று ஒன்றின் வாசலைக் காத்துவந்தாள் ஒரு கட்டெறும்பு. பெயர்தான் வெள்ளையம்மா, ஆள் அட்டைக்கரி.

காலையில் இரை தேடப் போகிற ஒவ்வொருத்தியும் வாசலோரக் குழியில் ஒரு மணலைப் போட வேண்டும். மாலையில் திரும்பியதும் ஒரு மணலை எடுத்து எறிய வேண்டும். குழி காலியானால் வெள்ளையம்மா "குறையில்லை" என்பாள், வாசலை அடைப்பார்கள். ஒரு மணல் மிஞ்சினாலும் "ஒன்று குறை" என்பாள். அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், போட்டது போட்டபடி புற்றே தேடக் கிளம்பிவிடும்.

அவளுடைய அக்கா சடைச்சி, போகும்போதும் வரும்போதும் தங்கையைத் தலையால் ஓர் இடி இடித்துவிட்டுத்தான் நகர்வாள். ஒருநாள் மாலை அந்த இடி விழவில்லை. குழியிலோ மணல் இல்லை. அக்காவுக்கு ஏதோ கோபம் போலிருக்கிறது என்று தேற்றிக்கொண்டாலும் மனசு கேட்கவில்லை. மேஸ்திரி எறும்பிடம் சொல்லிப் பார்த்தாள். கணக்கு சரியாக இருக்கும்போது என்ன சந்தேகம் என்று அவர் எரிந்து விழுந்தார். அவளும் "குறையில்லை" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையிலும் யாரும் இடிக்கவில்லை. எல்லாரும் ஒரே கறுப்பு, ஒரே இடுப்பு. இதில் அக்காவை எங்கே தேடுவது? அன்று பகல் முழுக்க வெள்ளையம்மாவுக்குப் பார்த்தவர்கள் மேலெல்லாம் சந்தேகம். வேகமாக வந்தவளிடம் என்ன அவசரம் என்றாள். மெதுவாக வந்தவளிடம் என்ன தயக்கம் என்றாள். சிரித்தவளையும் முறைத்தாள்.

மாலையில் குழி காலியாயிற்று. எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"ஒண்ணு குறை" என்றாள் வெள்ளையம்மா.

மேஸ்திரி குழிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "மணலே இல்லியே. எங்கடி குறை?"

"மணல் சரிதான் மேஸ்திரி. ஆள்தான் குறையுது. ஒவ்வொருத்தியா முகத்தைக் காட்டச் சொல்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் வரிசையில் நின்றார்கள். வெள்ளையம்மா ஒவ்வொரு முகத்தையும் தன் மீசையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசியில் நின்றவள் பின்வாங்கினாள். வெள்ளையம்மா விடாமல் தொட்டாள். அந்த முகத்தில் நீட்டியிருந்தது மீசையல்ல, தூக்கிப் பிடித்த முன்னங்கால். எறும்பு வேஷம் போட்ட சிலந்தி, புற்றுக்குள் இருந்த முட்டைகளுக்காக முந்தின நாள் மாலையே அக்காவின் மணலை எறிந்துவிட்டு உள்ளே நுழைந்திருக்கிறது.

சிலந்தி தப்பி ஓடியது. விரட்டிக்கொண்டு போனவர்கள் வேர் இடுக்கில் சடைச்சியைக் கண்டார்கள். நூலால் சுற்றிய வெறும் கூடுதான் மிச்சம். வெள்ளையம்மா அதன்மேல் விழுந்து அழுதாள். நேற்றே அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் அக்கா உயிரோடு கிடைத்திருப்பாளோ என்ற நினைப்பு கடைசிவரை அவளை விடவில்லை. திரும்பி வந்ததும் குழியைத் தன் காலாலேயே மூடினாள்.

அன்று முதல்தான் எறும்புகள் மணலை நம்புவதில்லை. தலைபோகிற அவசரமானாலும், எதிரே வருபவளை நிறுத்தி, முகத்தோடு முகம் வைத்து, நீதானா என்று தொட்டுப் பார்த்த பிறகே நகர்கின்றன.